மஞ்சள்மீன் ஈத்தூண்டில் மீன்பிடிப்பு: முதலையும் நீர்யானையும் வாழும் ஆறுகளில்

மஞ்சள்மீன் ஈத்தூண்டில் மீன்பிடிப்பு என்பது, தெற்கு ஆப்பிரிக்க ஆறுகளில் வாழும் மஞ்சள்மீன் என்னும் கெண்டையின மீனை, செயற்கை ஈ கட்டிய தூண்டிலால் பிடிக்கும் பொழுதுபோக்கு முறையாகும். ஆங்கில வழக்கில் இந்த மீன் யெல்லோஃபிஷ் என்றும், இந்த முறை ஃப்ளை ஃபிஷிங் என்றும் வழங்கப்படுகின்றன. தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கே லோவெல்ட் எனப்படும் தாழ்நிலத்தில் ஓடும் ஆறுகளில் இம்மீன் பரவலாகக் கிடைக்கிறது. நைல் முதலையும் நீர்யானையும் வாழ்வதும் அதே ஆறுகளில்தான். ஆகவே இங்கே தூண்டிலோடு வருபவர் ஒரே நீரை இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கிறது. மீன் எங்கே நிற்கும் என்று ஒருமுறையும், முதலை எங்கே கிடக்கும் என்று மற்றொருமுறையும் பார்த்த பிறகே அவர் காலை நனைக்கிறார்.

மீனும் அதன் உறவும்

மஞ்சள்மீன் என்பது ஒரே இனத்தின் பெயரன்று. லேபியோபார்பஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த பல இனங்களுக்குப் பொதுவான பெயர். ஆரஞ்சு, வால் ஆறுகளில் சிறுவாய் மஞ்சள்மீனும் பெருவாய் மஞ்சள்மீனும் உள்ளன. பெருவாய் மீன் 20 கிலோவுக்கு மேல் வளரக்கூடியது. அந்த ஆற்றுத் தொகுதியில் இயற்கையாக முதலை இல்லை என்பதால், தென்னாப்பிரிக்கர்கள் பலரும் இந்தக் கலையை அங்கேதான் அச்சமின்றிக் கற்றுக்கொள்கிறார்கள். தாழ்நில ஆறுகளில் வாழ்வது பெருஞ்செதில் மஞ்சள்மீன். அதன் அறிவியல் பெயர் லேபியோபார்பஸ் மாரெக்வென்சிஸ். 1841ஆம் ஆண்டு ஆண்ட்ரூ ஸ்மித் இதை விவரித்தார். மாரிக்கோ என்னும் ஆற்றின் பெயரிலிருந்து இந்தச் சொல் வந்தது.

பெருஞ்செதில் மஞ்சள்மீன் ஏறக்குறைய 6 கிலோ வரை வளரும். தூண்டிலில் சிக்குபவற்றில் பெரும்பாலானவை அதைவிட மிகச் சிறியவை. பொன்மஞ்சளும் ஆலிவ் பச்சையும் கலந்த நிறம், பெரிய செதில்கள், கெண்டைக்கு உரிய மீசை இழைகள், பல் இல்லாத தாடை ஆகியவை இதன் அடையாளங்கள். உணவை அரைக்கும் பற்கள் தொண்டைக்குள் இருக்கின்றன. பாசி, நீர்ப்பூச்சி, சிறுமீன், கரைமரங்களிலிருந்து விழும் பழம் என்று கிடைத்ததைத் தின்னும். சில மீன்களுக்கு உதடு தடித்து ரப்பர் போல இருக்கும். கற்களுக்கு இடையே கிளறித் தின்ன அது உதவுகிறது. ஒரே இனத்தில் ஒரு மீனுக்கு மெல்லிய உதடும் மற்றொன்றுக்குத் தடித்த உதடும் இருப்பது, பார்ப்பவரை வெவ்வேறு இனம் என்று எண்ண வைத்துவிடும்.

தமிழ் வாசகருக்கு இந்த மீன் அவ்வளவு அந்நியமானதன்று. காவிரித் தொகுதியில் வாழும் திமில் மகசீர் இதே கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. கல்லும் வேகமும் உள்ள நீரை விரும்புவது, மெதுவாக வளர்வது, தூண்டிலில் சிக்கியதும் நீரோட்டத்தின் பலத்தையும் சேர்த்துக்கொண்டு இழுப்பது என்று இரண்டுக்கும் ஒற்றுமைகள் பல. திமில் மகசீர் 2018 முதல் மிகவும் அருகிய இனம் என்ற பட்டியலில் உள்ளது. அதற்குப் புகலிடமாக எஞ்சியுள்ள மோயாற்றிலும் முதலையும் யானையும் உண்டு.

ஆறுகள்

டிராகன்ஸ்பர்க் மலைச்சரிவிலிருந்து கிழக்கே இறங்கி, லெபொம்போ குன்றுகளைக் கடந்து மொசாம்பிக் நாட்டுக்குள் செல்லும் ஆறுகளே இந்த மீனின் இருப்பிடம். சாபி, லெட்டாபா, ஒலிஃபான்ட்ஸ், கொமாட்டி, குரோக்கடைல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. பெயர்களே எச்சரிக்கைப் பலகையாக அமைந்துவிட்டன. ஒலிஃபான்ட்ஸ் என்றால் ஆஃப்ரிக்கான்ஸ் மொழியில் யானைகள். குரோக்கடைல் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

தென்னாப்பிரிக்காவில் குரோக்கடைல் என்ற பெயரில் இரண்டு ஆறுகள் உண்டு என்பதை மாணவர்கள் நினைவில் கொள்வது நல்லது. மேற்கே உள்ளது மாரிக்கோ ஆற்றுடன் சேர்ந்து லிம்போபோ ஆகிறது. கிழக்கே உள்ளது குரூகர் தேசியப் பூங்காவின் தெற்கு எல்லையாக ஓடி, கொமாட்டிபோர்ட் என்னும் ஊரருகே கொமாட்டியுடன் கலக்கிறது. இரண்டிலும் பெருஞ்செதில் மஞ்சள்மீன் உண்டு.

குரூகர் பூங்கா 1926இல் அமைக்கப்பட்டது. பூங்காவுக்குள் சுற்றுலாப் பயணிகள் தூண்டில் போட அனுமதி இல்லை. எனவே இந்த மீன்பிடிப்பு பெரும்பாலும் தனியார் காப்பகங்களிலும் ஆற்றோரப் பண்ணைகளிலும் நடக்கிறது. ஆனால் விலங்குகள் எல்லைக்கோட்டை மதிப்பதில்லை. கிழக்குக் குரோக்கடைல் ஆற்றின் ஒரு கரையில் பூங்கா, மறுகரையில் கரும்புத் தோட்டம். நடுவில் ஓடும் நீர் இரு பக்கத்துக்கும் பொது.

ஏன் நீரில் இறங்க வேண்டும்?

ஆபத்து இருக்கிறது என்றால் கரையில் நின்றே தூண்டில் போடலாமே என்ற கேள்வி இயல்பாக எழும். விடை இந்த முறையின் அமைப்பிலேயே உள்ளது.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நூலை இழுத்துச் செல்கிறது. ஈத்தூண்டிலில் கட்டியிருக்கும் ஈ இறகும் ரோமமும் நூலும் சுற்றிய ஒரு சிறு முள்தான். அதற்கு எடை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. மாறாக, நூலே தடித்ததாகவும் எடை உள்ளதாகவும் செய்யப்படுகிறது. ஏறக்குறைய 9 அடி நீளமுள்ள வளையும் கோலால் அந்த நூலைப் பின்னே வீசி, அது காற்றில் விரிந்ததும் முன்னே வீசுவார்கள். ஆகவே வீசுபவருக்கு முதுகுப்பக்கம் பல மீட்டர் வெற்றிடம் வேண்டும். தாழ்நில ஆற்றங்கரையில் நாணலும் மரமும் அடர்ந்திருப்பதால், அந்த வெற்றிடம் ஆற்றுக்குள்தான் கிடைக்கிறது.

இரண்டாவது காரணம் மீனின் பழக்கம். மஞ்சள்மீன் பெரும்பாலும் அடித்தளக் கற்களில் ஒட்டியிருக்கும் காடிஸ் ஈ, மேஃப்ளை போன்ற பூச்சிகளின் இளம்பருவத்தைத் தின்கிறது. அவற்றைப்போலவே கட்டிய எடைகூட்டிய ஈக்களை, கோலின் நீளத்துக்கு அப்பால் அதிகம் போகாமல், குறுகிய நூலில் அடித்தளத்தை உரசிச் செல்லும்படி விடுவதே அதிகப் பலன் தரும் முறை. செக் நாட்டவர் போட்டிகளில் பயன்படுத்திப் புகழ்பெற்ற முறை இது. அப்படிச் செய்ய மீனுக்கு மிக அருகில் நிற்க வேண்டும். நுரைத்து ஓடும் நீரில் மேற்பரப்பு கலங்கியிருப்பதால், இரண்டு மூன்று மீட்டர் தொலைவில் ஒருவர் நிற்பதை மீன் எளிதில் கண்டுகொள்வதில்லை.

மேலே மிதக்கும் ஈயை மீன் வாய்திறந்து எடுப்பதைப் பார்ப்பது இதைவிட இன்பம் தருவது என்பார்கள். அது அமைதியான நாட்களில், பூச்சிகள் மேலெழும் வேளையில் மட்டுமே வாய்ப்பது.

விரைவோட்டமும் மடுவும்

இந்த ஆறுகளை ஒரு சங்கிலியாக நினைத்துப் பார்க்கலாம். ஆழமற்ற நீர் கற்களில் மோதி நுரைத்து ஓடும் பகுதி ஒன்று. அதை விரைவோட்டம் எனலாம். அது முடியும் இடத்தில் ஆழமான, அசைவு குறைந்த மடு. பிறகு மீண்டும் விரைவோட்டம், மீண்டும் மடு.

நைல் முதலை பதுங்கித் தாக்கும் விலங்கு. பெரிய ஆண் முதலை 4 முதல் 5 மீட்டர் நீளம் இருக்கும். உடலை முழுவதும் மறைக்க ஆழமும் கலங்கலும் வேண்டும். நீரோட்டத்தை எதிர்த்து ஆற்றலை வீணாக்க அது விரும்புவதில்லை. எனவே மடுவும், சுழல் தேங்கும் ஓரமும், நாணலின் அடியும், விலங்குகள் நீர் குடிக்க வரும் துறையும் அதன் இடங்கள். கணுக்கால் முதல் முழங்கால் வரை ஆழமுள்ள, அடிக்கல் தெளிவாகத் தெரியும் விரைவோட்டத்தில் பெரிய முதலை ஒளிந்திருப்பது கடினம். மஞ்சள்மீன் உணவு தேடுவதும் இதே விரைவோட்டத்தில்தான் என்பதால், இந்த மீன்பிடிப்பு ஓரளவுக்குச் சாத்தியமாகிறது.

ஓரளவுக்கு என்று சொல்லக் காரணம் உண்டு. பெரிய மஞ்சள்மீன்கள் விரைவோட்டத்தின் நடுவில் நெடுநேரம் நிற்பதில்லை. வேக நீர் மடுவுக்குள் விழும் இடத்தில், அடித்துவரும் உணவு முதலில் வந்து சேரும் மடுவின் தலைப்பில் அவை நிற்கின்றன. அதாவது மிகச் சிறந்த மீன் இருக்கும் இடம், பாதுகாப்பான நீர் முடிந்து ஆபத்தான நீர் தொடங்கும் கோடு. விரைவோட்டத்தில் நல்ல மீன்கள் கிடைத்த பிறகு, இன்னும் ஓர் அடி, இன்னும் ஓர் அடி என்று கீழ்நோக்கி நகர்வது தூண்டிற்காரர் இயல்பு. அனுபவமுள்ள வழிகாட்டிகள் அதிகம் தடுத்து நிறுத்துவது இந்த ஓரடியைத்தான்.

அவர்கள் கடைப்பிடிக்கும் நடைமுறைகள் எளியவை. இறங்குவதற்கு முன் உயரமான பாறையில் நின்று பத்து நிமிடமாவது ஆற்றைப் பார்ப்பார்கள். மணல்திட்டில் முதலை வெயில் காய்ந்த தடம், வால் இழுத்த கோடு, நீர்மட்டத்தில் கண்ணும் மூக்கும் மட்டும் தெரியும் புள்ளிகள் ஆகியவற்றைத் தேடுவார்கள். நீரின் பளபளப்பை நீக்கும் போலராய்டு கண்ணாடி இங்கே மீனைப் பார்க்க மட்டுமன்றி உயிரைக் காக்கவும் பயன்படுகிறது. தன் பாதம் கண்ணுக்குத் தெரியாத நீரில் இறங்குவதில்லை. தனியாகப் போவதில்லை; ஒருவர் வீசும்போது மற்றவர் தூண்டில் போடாமல் நீரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்பதையும், மறுநாள் அதே நேரத்தில் அதே துறைக்கு வருவதையும் தவிர்ப்பார்கள். இரையின் வழக்கத்தைக் கவனித்து வைத்துக்கொள்ளும் திறன் முதலைக்கு உண்டு. வெயில் காயும் முதலை கண்ணில் பட்டால் ஒருவகையில் நிம்மதி. சற்று முன்பு திட்டில் இருந்தது இப்போது இல்லை என்றால் உடனே கரையேற வேண்டும்.

நீர்யானை

முதலை மறைந்திருந்து தாக்கும். நீர்யானையோ தன் இடத்துக்காகத் தாக்கும். அது புல் தின்னும் விலங்கு என்பதால் சாது என்று எண்ணிவிடக்கூடாது. 1,500 கிலோவுக்கு மேல் எடையுள்ள இந்த விலங்கு, நிலத்தில் மனிதனை ஓடிப்பிடிக்கும் வேகம் கொண்டது. பகலில் மடுவில் கூட்டமாகக் கிடக்கும். இருட்டியதும் கரையேறிப் பல கிலோமீட்டர் வரை மேயச் சென்று, விடிவதற்குள் திரும்பும். தினமும் அதே வழியில் போய்வருவதால், நடுவில் மேடும் இருபக்கமும் பள்ளமுமாக இரட்டைத் தடம் பதிந்திருக்கும். நாணற்காட்டில் நடக்க வசதியான பாதையாகத் தெரிவது பெரும்பாலும் இந்தத் தடம்தான். பயந்த நீர்யானை ஆழமான நீரை நோக்கியே ஓடும். குறுக்கே யார் நின்றாலும் விலகாது. நீருக்கும் அதற்கும் இடையில் நிற்கக்கூடாது என்ற விதி இதிலிருந்து வந்தது. விடியற்காலையும் அந்தி வேளையும் மீனுக்கு நல்ல நேரமாக இருந்தும் இந்த ஆறுகளில் அவற்றை விட்டுவிடுவது இதனால்தான்.

வாயை அகலத் திறந்து காட்டுவது கொட்டாவி அன்று, மிரட்டல். தலைகள் தெரியும் மடுவைவிட, யாருமில்லை என்று தோன்றும் மடு கூடுதல் கவனத்துக்குரியது. நீர்யானை ஐந்து நிமிடம் வரை மூச்சடக்கி அடியில் இருக்கும். ஆகவே அதற்கும் கூடுதலாகக் காத்திருந்து பார்க்க வேண்டும்.

இந்த விலங்குக்கும் மீனுக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. நிலத்தில் மேய்ந்த புல்லைச் சாணமாக ஆற்றில் சேர்ப்பதால் நீர்ப்பூச்சிகளுக்கும் மீன்களுக்கும் அது உணவாகிறது. அளவு மிஞ்சினால் அதுவே தீங்காகும். கிழக்கு ஆப்பிரிக்காவின் மாரா ஆற்றில், வறட்சியில் மடுக்களில் தேங்கிய நீர்யானைச் சாணம் நீரின் ஆக்சிசனைக் குறைத்து, திடீர் வெள்ளத்தில் கீழே அடித்துச் செல்லப்பட்டபோது மீன்கள் இறந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

கரையில் உள்ளவை

ஆற்றுக்குப் போகும் வழியும் ஆற்றைப் போலவே கவனம் கேட்பது. நாணலுக்குள் தனியாகப் படுத்திருக்கும் கிழட்டுக் காட்டெருமை, நீர் குடிக்க வரும் யானைக்கூட்டம், பாறையிடுக்கில் பஃப் விரியன் ஆகியவை வழக்கமாக எதிர்ப்படக்கூடியவை. காப்பகங்களில் துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் உடன்வருவது உண்டு. காற்று வரும் திசையைப் பார்த்து நடப்பதும், பேசிக்கொண்டே போவதும் துப்பாக்கியைவிட அதிகம் உதவுகின்றன.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட எளிதில் மனிதனைத் தொடுவது நகக்கண் அளவுள்ள ஒரு நன்னீர் நத்தையில் வளரும் ஒட்டுண்ணி. அது உண்டாக்கும் நோய் பில்ஹார்சியா. 1851இல் கெய்ரோ நகரில் இந்த ஒட்டுண்ணியைக் கண்டறிந்த ஜெர்மானிய மருத்துவர் தியோடர் பில்ஹார்ஸ் பெயரால் இது அழைக்கப்படுகிறது. நத்தையிலிருந்து வெளிவரும் கண்ணுக்குத் தெரியாத இளம்புழு, நீரில் நிற்பவரின் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். சிறுநீரில் இரத்தம், வயிற்றுவலி, களைப்பு என்று நோய் வாரங்கள் கழித்தே வெளிப்படும். பிராசிகுவாண்டல் என்னும் மாத்திரையால் குணப்படுத்தலாம். இந்த நத்தைகள் விரும்புவதும் செடி அடர்ந்த தேங்கிய ஓரத்தைத்தான். முதலைக்காக மடுவின் ஓரத்தைத் தவிர்ப்பவர் நத்தையையும் பெரும்பாலும் தவிர்த்துவிடுகிறார். தாழ்நிலத்தில் மலேரியாவும் உண்டு என்பதால் கொசுத் தடுப்பும் மருத்துவ ஆலோசனையும் தேவை.

பருவம்

தென்னரைக்கோளத்தில் மே முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். அதுவே தாழ்நிலத்தின் மழையில்லாக் காலம். நீர் தெளிந்து குறைந்திருக்கும்; முதலையின் செயலும் பசியும் குறைந்திருக்கும்; மீனும் சற்று மந்தமாக இருக்கும். வெப்பம் ஏறும்போது மூன்றும் மாறுகின்றன. மழை தொடங்கியதும் மஞ்சள்மீன் மேல்நோக்கி நகர்ந்து, விரைவோட்டங்களின் சரளைப் படுகையில் முட்டையிடுகிறது. ஏறக்குறைய அதே காலத்தில் பெண் முதலை மணற்கரையில் முட்டையிட்டு, மூன்று மாதம் காவல் காக்கிறது. தென்னாப்பிரிக்காவில் மனிதர்மீது நடந்த முதலைத் தாக்குதல்களில் பெரும்பாலானவை வெப்பமான மாதங்களில் நிகழ்ந்தவை. அப்போது ஆறும் கலங்கியிருக்கும். முட்டையிடும் மீனைத் தொந்தரவு செய்யாதிருப்பதும் அந்த மாதங்களில் ஆற்றைவிட்டு விலகியிருப்பதும் ஒன்றாக அமைந்துவிடுவது நல்லதொரு பொருத்தம்.

விடுவித்தலில் உள்ள சிக்கல்

மஞ்சள்மீன் மெதுவாக வளர்வதால், பிடித்ததை உயிரோடு திரும்ப விடுவதே இத்துறையில் ஏற்கப்பட்ட வழக்கம். மறுமுள் இல்லாத தூண்டில் முள், நனைத்த கை, மென்மையான வலை ஆகியவை அதன் அடிப்படை. மீனை நீருக்கு வெளியே எடுக்காமல், ஓரத்தில் குனிந்து, தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அது தானாக நீந்தும்வரை காத்திருக்க வேண்டும் என்று எல்லா வழிகாட்டிகளும் கூறுகின்றன.

முதலை உள்ள ஆற்றில் இந்த அறிவுரை அப்படியே பொருந்தாது. துள்ளும் மீனின் சலசலப்பு முதலையை ஈர்க்கும். நீரோரத்தில் குனிந்து, கண்ணைக் கையில் உள்ள மீன்மீது வைத்திருக்கும் மனிதனைவிட எளிய இலக்கு வேறில்லை. மீனின் நலமும் மனிதனின் நலமும் இங்கே எதிரெதிராக நிற்கின்றன. இதற்கு நடைமுறையில் கண்ட வழி, சிக்கலை நேரத்தால் குறைப்பது. சற்றுத் தடித்த நுனிநூல் பயன்படுத்தினால் மீன் களைத்துப்போகும் முன்பே வசப்படும். களைக்காத மீனுக்கு நீண்ட ஆசுவாசம் தேவைப்படாது. நீண்ட பிடியுள்ள வலையால் எடுத்து, மடுவின் ஓரத்துக்குக் கொண்டுபோகாமல், கணுக்கால் ஆழ விரைவோட்டத்திலேயே முள்ளைக் கழற்றிவிடுவார்கள். துணைக்கு நிற்பவர் மீனைப் பார்க்காமல் நீரைப் பார்ப்பார். படம் எடுப்பதைத் தவிர்ப்பது எல்லாவற்றையும்விட நல்லது. மீன் மடுவுக்குள் ஓடி நூல் பாறையில் சிக்கினால், அந்த ஈயை மறந்துவிட வேண்டும். சில ரூபாய் மதிப்புள்ள இறகுக்காக மடுவில் இறங்கியவர்கள் உண்டு என்பதே இந்த விதி திரும்பத் திரும்பச் சொல்லப்படக் காரணம்.

பொழுதுபோக்குக்காக வருபவர் ஆற்றில் இறங்குவதா வேண்டாமா என்று தேர்ந்துகொள்ள முடிகிறது. அதே ஆறுகளில் நீர் மொள்ளவும், துணி துவைக்கவும், வலை போடவும் இறங்கும் கரையோர மக்களுக்கு அந்தத் தேர்வு இல்லை. முதலைக்கு இரையானவர்களில் பெரும்பாலோர் இவர்களே அன்றித் தூண்டிற்காரர்கள் அல்லர்.

ஆற்றின் நிலை

2008ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், குரூகர் பூங்காவில் ஒலிஃபான்ட்ஸ் ஆறு மொசாம்பிக் எல்லையை நெருங்கும் பள்ளத்தாக்கில் 160க்கும் மேற்பட்ட நைல் முதலைகள் இறந்து கிடந்தன. உடலில் உள்ள கொழுப்பு அழற்சியுற்று இறுகிவிடும் பான்ஸ்டீயடைட்டிஸ் என்னும் நோய் அவற்றைத் தாக்கியிருந்தது. இறுகிய கொழுப்பால் முதலை வளைந்து நீந்தவும் இரை பிடிக்கவும் முடியாமல் போகும். அங்கிருந்த கெளுத்தி மீன்களிலும் அதே நோய் காணப்பட்டது. மேல்பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்களும் தொழிற்சாலைகளும் வேளாண் நிலங்களும் சேர்த்த மாசு, கீழ்ப்பகுதியில் மாசிங்கிர் அணையின் நீர் பள்ளத்தாக்குவரை ஏறித் தேங்கியது, அதனால் படிந்த வண்டல், மாறிப்போன மீன் உணவு ஆகியவை ஆய்வாளர்களின் கவனத்துக்கு வந்தன. ஓடிக்கொண்டிருந்த விரைவோட்டம் தேங்கிய நீரின் அடியில் மூழ்கியபோது மஞ்சள்மீனுக்கு உரிய சரளைப் படுகையும் மூடிப்போனது.

இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டம் தென்னாப்பிரிக்காவில் ஒரு புதிய கருத்தைச் சட்டமாக்கியிருந்தது. மக்களின் அடிப்படைத் தேவைக்கும், ஆறு ஆறாக உயிர்த்திருக்கவும் வேண்டிய நீரை முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியையே பாசனத்துக்கும் தொழிலுக்கும் பகிர வேண்டும் என்பது அது. இந்த ஒதுக்கீட்டை ரிசர்வ் என்று சட்டம் குறிப்பிடுகிறது. ஆயினும் 2005ஆம் ஆண்டு வறட்சியில், ஆண்டு முழுவதும் ஓடும் ஆறான ஒலிஃபான்ட்ஸ் பூங்காவுக்குள் ஓட்டம் நின்று தனித்தனி மடுக்களாகச் சுருங்கியது. அவ்வாறு ஓட்டம் நிற்கும்போது விரைவோட்டங்கள் முதலில் வற்றுகின்றன. மஞ்சள்மீனும் முதலையும் நீர்யானையும் எஞ்சிய மடுக்களில் ஒன்றாக ஒதுங்குகின்றன.